இரண்டாவது யூனிட்

ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

நீ போனை வைத்த வேகத்தைப் பார்த்தால் இந்தக் கடிதத்தைப் பிரிப்பாயா என்பதே சந்தேகம். பிரித்துவிட்டால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு பக்கமாவது படி. போனில் நம் இரண்டு பேருக்கும் குரல்தான் உயர்கிறது. அதுவும் போக, அணுமின் நிலையத்தைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று உன் அண்ணன் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி இந்தக் காலனிக்கு வந்ததிலிருந்து அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

"உங்கம்மா மூச்சு விடறதுக்காக என் பொண்ணு சாகணுமா?" என்று அன்றைக்கு நான் கேட்டது அதிகம்தான். பயத்தில் வாயில் வந்தது. அத்தை என்னை ஒரு நாளும் மருமகளாக நடத்தியதில்லை. ஆனால் நீயும் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்கு ஃபேன் மட்டும் ஓடணும், உலை மட்டும் ஓடக் கூடாது, அப்படித்தானே அண்ணி?" என்றாய். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அது காதில் வந்து நிற்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்ச நாளாக உன் அண்ணன் வேலை முடிந்து வந்ததும் காரைத் திருப்பி, முகப்பு தெருவைப் பார்க்கும்படி நிறுத்துகிறார். முன்பெல்லாம் கோணலாகச் செருகிவிட்டு வந்து, பக்கத்து வீட்டு வெல்டரிடம் பேச்சு வாங்குவாரே, அவர்தான். டாங்கில் பெட்ரோல் கொஞ்சம் குறைந்தாலும் உடனே போய் நிரப்புகிறார். ஏன் என்று கேட்டால் "சும்மாத்தான்" என்கிறார். சும்மா ஒருவர் காரைக் கிளம்பத் தயாராக வைத்திருப்பாரா?

போன வாரம் உட்கார வைத்துக் கேட்டேன். முதல் யூனிட்டைத்தான் எப்போதோ மூடிவிட்டார்களே, ஓடுகிற இரண்டாவது யூனிட்டில் ஒரு பம்ப் அதிர்கிறதாம். உலையைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றவிடும் பெரிய பம்ப். யூனிட்டை நிறுத்தித் திறந்து பார்த்தால்தான் காரணம் தெரியுமாம். நிறுத்துகிறோம் என்று இங்கிருந்து கேட்டிருக்கிறார்கள். கோடைத் தேவை குறையட்டும், பிறகு பார்க்கலாம் என்று தலைநகரிலிருந்து பதில் வந்ததாம்.

"அங்க யாரு சொன்னது?" என்றேன்.

"லோடு கன்ட்ரோல்."

"கரண்டைப் பங்கு போடற நம்ம சின்னவ ஆபீஸ்தானே அது?"

அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்தப் பதிலைச் சொன்னது நீயா? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணி,

நான்தான் சொன்னேன்.

இதோடு நிறுத்தச் சொன்னீர்கள். முடியவில்லை.

என் அறையை நீங்கள் பார்த்ததில்லை. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க ஒரு திரை. அதன் நடுவில் ஓர் எண். அது ஐம்பதில் நிற்க வேண்டும். நாடு செலவழிக்கிற மின்சாரமும் நாங்கள் தயாரிக்கிற மின்சாரமும் சமமாக இருந்தால் நிற்கும். தயாரிப்பு குறைந்தால் எண் இறங்கும். ரொம்ப இறங்கினால் ஒவ்வொரு நிலையமும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே கழன்றுகொள்ளும். பிறகு நாடு முழுக்க இருட்டு. மீட்டு எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று எங்களில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

இந்த வருஷம் மழை இல்லை. அணைகளில் தரை தெரிகிறது. நிலக்கரிக் கப்பல்கள் வந்து சேரவில்லை. காற்றாலைகள் படம் வரைந்த மாதிரி நிற்கின்றன. சூரிய மின்சாரம் பகலில் கொட்டுகிறது, சாயங்காலமானால் கைவிரித்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் ஊரே வீட்டுக்கு வந்து எல்லா ஸ்விட்சையும் போடுகிறது. அப்போது என்னைத் தாங்கிப் பிடிப்பது உங்கள் ஊர் நிலையம்தான். ஐந்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. நான் உலைக்கு வக்காலத்து வாங்கவில்லை. கையில் இருப்பதைச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு சின்ன நகரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தினேன். முறைப்படி அன்றைக்கு அவர்கள் முறை. அங்கே ஒரு மருத்துவமனையில் ஜெனரேட்டர் கிளம்பவில்லை. இன்குபேட்டரில் ஒரு குழந்தை இருந்தது. விசாரணையில் என்மேல் தப்பில்லை என்றார்கள். அதிலிருந்து நிறுத்தும் பொத்தானைத் தொடும் ஒவ்வொரு முறையும் அந்த ஊரில் எத்தனை மருத்துவமனை என்று எண்ணிப் பார்க்கிறேன். அம்மாவும் நானும் இருக்கும் தெருவும் முறைவைத்து நிறுத்தும் பட்டியலில்தான் இருக்கிறது. அதை நான் எடுக்கவில்லை. எடுத்தால் இன்னொருவர் அம்மாவின் தெருவை அந்த இடத்தில் வைக்க வேண்டும். அவள் ஆக்ஸிஜன் மெஷினின் பேட்டரி பழசாகிவிட்டது, கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆட்கள் "பராமரிப்புக்காக நிறுத்துகிறோம்" என்று கேட்டார்கள். பராமரிப்பு என்றால் தள்ளிப்போடச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. "பாதுகாப்புக்காக" என்று கேட்டிருந்தால் மறுபேச்சே கிடையாது. ஷிஃப்ட்டில் இருப்பவர் அந்த வார்த்தையைச் சொல்லி நிறுத்திவிடலாம்; யாரும் அவரைத் தடுக்க முடியாது. ஷிஃப்ட்டில் இருப்பவர் அண்ணன். அவன் ஏன் சொல்லவில்லை?

அவனும் நானும் தினமும் சாயங்காலம் பேசுகிறோம், தெரியுமா? பதிவாகும் லைனில். "ரெண்டாவது யூனிட், முழு உற்பத்தி, வேற எதுவும் இல்லைங்க." "சரிங்க, நன்றி." அவ்வளவுதான். கூடப் பிறந்தவனிடம் தினமும் இப்படிப் பேசிவிட்டு, அவன் குரலில் ஏதாவது பிசிறு இருந்ததா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வருகிறேன்.

சின்னவள்


ஏப்ரல் 19

சின்னவளே,

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாதோ என்னவோ.

நின்றபடியே படித்தார். "என் தங்கச்சியும் என்னைக் கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டாளா" என்று கத்தினார். பிறகு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். இவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரை உனக்கு நினைவிருக்கும், எங்கள் குட்டியின் பிறந்தநாளுக்கு வந்து பாடினாரே, தாடிக்காரர். அவர் ஒரு நாள் பாதுகாப்பு என்று சொல்லி நிறுத்தினார். திறந்து பார்த்தால் பழுது எதுவும் இல்லை. அளக்கும் கருவிதான் கெட்டுப்போயிருந்தது. தலைநகரம் ஒரு சாயங்காலம் இருட்டில் கிடந்ததற்கு அவர் ஒருவர்தான் காரணம் என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறார். "நானும் அங்க போய் உக்காரத் தயார்தான். ஆனா நெஜமாவே பழுதான்னு எனக்கே தெரியலியே. அதிர்வு கூடுது, கொறையுது. கூடும்போது இப்பவே நிறுத்தணும்னு தோணுது. கொறைஞ்சா, நானே பயந்து சாகறேன்னு தோணுது" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் பயப்படுகிறார் என்று அவர் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்கு எப்போதும் பயம். அவருக்கு இல்லை என்பதை வைத்துத்தான் நான் இங்கே குடித்தனம் நடத்தினேன்.

என் பள்ளியில் வழக்கமான விபத்துப் பயிற்சி நடந்தது. சைரன் அடித்தால் முதல் வகுப்புப் பிள்ளைகளை நான் ஹாலுக்கு அழைத்துப் போய் ஜன்னல்களைச் சாத்த வேண்டும். கதிர்வீச்சு கசிந்தால் விழுங்க வேண்டிய அயோடின் மாத்திரைப் பெட்டி என் மேஜை டிராயரில் இருக்கிறது. மாத்திரைக்குப் பதில் மிட்டாய் கொடுத்துப் பழக்குவோம். ஒரு பையன் மிட்டாயைச் சப்பிக்கொண்டே, "டீச்சர், நிஜமா சைரன் அடிச்சா இனிக்குமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

குட்டியைக் கூட்டிக்கொண்டு உன்னிடம் வந்துவிடலாம் என்று பெட்டியை எடுத்து முன்னறையில் வைத்தேன். வெல்டரின் மனைவி எட்டிப் பார்த்து, "ஊருக்கா டீச்சர்?" என்றாள். ஆமாம், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றேன். சாயங்காலம் பார்க்கிறேன், எங்கள் வரிசையில் நாலு வீட்டில் பெட்டி வெளியே வந்திருக்கிறது. கன்ட்ரோல் ரூம்காரர் பெண்டாட்டி கிளம்புகிறாள் என்றால் வேறு எதற்கு? என் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். என்னால் நகரவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

குட்டியை மட்டுமாவது வைத்துக்கொள்வாயா?

அண்ணி


ஏப்ரல் 22

அண்ணி,

குட்டியை அனுப்புங்கள். இங்கே புழுங்கும், தினமும் மின்சாரம் போகும். பரவாயில்லை, அனுப்புங்கள்.

மேலதிகாரியிடம் பேசினேன். யூனிட்டை நாமே முன்கூட்டித் திட்டமிட்டு மெதுவாக இறக்கிவிடலாம், மக்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டு முறைவைத்து நிறுத்தலாம் என்றேன். "இந்தக் கோடையில மின்வெட்டே கிடையாதுன்னு மேல வாக்குக் குடுத்தாச்சும்மா. நீ யாரு பக்கம்?" என்றார். நல்ல மனிதர்தான். கேட்கும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

என் பயத்தை உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. உலை நின்றாலும் உள்ளே சூடு உடனே அடங்காது. பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். அதை நான்தான் அனுப்புகிறேன். யூனிட் திடீரென்று நின்று, அந்த அடியில் என் பக்கம் எல்லாம் சரிந்தால், உலைக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இருக்காது. அங்கே டீசல் ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. ஒரு மருத்துவமனையிலும் ஜெனரேட்டர் இருந்தது, அண்ணி.

அண்ணனிடம் சொல்லுங்கள். வேலை போகுமா, பழுது உண்டா இல்லையா என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். நிறுத்தத் தோன்றினால் நிறுத்தட்டும். திடீரென்று மட்டும் வேண்டாம். முடிந்தவரை நேரம் கொடுக்கச் சொல்லுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பார்த்துக்கொள்வேனா என்று எனக்கே தெரியாது. அதை அவனிடம் சொல்ல வேண்டாம்.

சின்னவள்


ஏப்ரல் 25

சின்னவளே,

உன் கடிதம் காலையில்தான் வந்தது. அவர் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருக்கென்று நீ எழுதிய பத்தியை மட்டும் வாசித்துக் காட்டினேன். ஷூ லேஸைக் கட்டியபடியே கேட்டார். கட்டி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "மீதியை அவ பாத்துக்குவாளாமா?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டார்.

குட்டியை நாளைக் காலை பஸ்ஸில் நானே

சத்தம் நின்றுவிட்டது.

இங்கே எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். கடலோரம் நிலையத்திலிருந்து வரும். வந்த புதிதில் தூக்கம் வராது. பிறகு காதுக்குப் பழகி அது இருப்பதே தெரியாது. இப்போது அது குறைந்து குறைந்து நின்றுவிட்டது. தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நிலையத்தின் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சைரன் இல்லை. சைரன் ஏன் இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. இல்லாதது நல்லதா?

அவருக்குப் போன் போடுகிறேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை. குட்டி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளாகவே சாத்துகிறாள்.


ஏப்ரல் 27

அண்ணி,

இதற்குள் அண்ணன் வீட்டுக்கு வந்திருப்பான். அவன் உங்களிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டான் என்பதால் எழுதுகிறேன்.

வெயில் இறங்கி, ஊர் ஸ்விட்சு போட ஆரம்பித்திருந்த நேரம். அவன் லைனில் வந்தான். "ரெண்டாவது யூனிட்டை நிறுத்துறோம். காரணம், பாதுகாப்பு." அறையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கேட்க வேண்டிய முறைப்படி கேட்டேன். "எவ்வளவு நேரத்துல இறக்குவீங்க?"

பதிவாகும் லைனில், என் அண்ணன் சொன்னான்: "உனக்கு எவ்வளவு வேணும்டா?"

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவான். "நாப்பது நிமிஷம்" என்றேன். அதிகம் கேட்கிறேன் என்று தெரியும். "தரேன். நடுவுல அதிர்வு ஏறினா தர முடியாது. அப்படின்னா சொல்லிட்டு நிறுத்திடுவேன்" என்றான்.

அந்த நாற்பது நிமிஷமும் லைனைத் திறந்தே வைத்திருந்தோம். அவன் இறக்கிக்கொண்டே வந்தான், நான் ஊர்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். எந்த நிமிஷம் "முடியல" என்று சொல்லுவானோ என்று காதை அதிலேயே வைத்திருந்தேன். ஐம்பதிலிருந்து எண் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. பக்கத்தில் இருந்த இளைஞன் ஒருவன் வாந்தி எடுத்தான். மேலதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "அடுத்தது எது?" என்றார். அடுத்தது அம்மாவின் தெரு. அணைத்தேன். வீட்டுக்குப் போன் பண்ணக்கூட நேரம் இல்லை.

கடைசியில் "பூஜ்யம்" என்றான். எண் ஐம்பதில் நின்றது. உங்கள் நிலையத்துக்குப் போகும் மின்சாரம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். இருட்டில் படியேறினால் வீடு திறந்து கிடக்கிறது, அம்மா இல்லை. மெஷின் செத்துக் கிடக்கிறது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரின் உதவிப் பெண் வந்து கூப்பிட்டாள். அவர்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய், பல் பிடுங்கும் நாற்காலியில் சாய்த்து, கிளினிக் சிலிண்டரை மாட்டியிருக்கிறார்கள். உதடு நீலமாக இருந்தது. கண் விழித்து, "யாரு நிறுத்தினது?" என்றாள்.

"நான்தாம்மா."

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்: "சொல்லிட்டு நிறுத்தக் கூடாதா? உன் சாப்பாட்டையாவது சூடு பண்ணி வெச்சிருப்பேன்."

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னொரு தடவை தாங்க மாட்டாங்க" என்றார். யூனிட் இல்லாமல் இனி தினமும் நிறுத்த வேண்டும், அண்ணி. தினமும்.

சின்னவள்


மே 2

சின்னவளே,

அவர் வந்ததும் சமையலறைத் தரையில் படுத்துத் தூங்கினார். எழுப்பவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பம்பைத் திறந்துவிட்டார்கள். அச்சில் விரிசல் இருந்ததாம். இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று கேட்டேன். "ரெண்டு மாசம் தாங்கியிருக்கலாம். ரெண்டு மணி நேரமும் ஆகியிருக்கலாம்" என்றார். அவரை இப்போது உள்ளே விடுவதில்லை. விசாரணை நடக்கிறது. விரிசல் இருந்தும் விசாரணை.

நான் எழுத வந்தது வேறு விஷயம். அத்தையை இங்கே அனுப்பு.

நிதானமாகத்தான் சொல்கிறேன். இந்தக் காலனிக்கு மின்சாரம் போனதே இல்லை. நிலையத்துக்கு வரும் கம்பியிலிருந்துதான் எங்களுக்கும் வருகிறது. நீ தொடவே கூடாத கம்பி. நாடே இருட்டாக இருந்தாலும் இங்கே ஃபேன் ஓடும். அத்தைக்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. என் மகளை எங்கிருந்து ஓட்டி அனுப்பத் துடிக்கிறேனோ, அங்கேயே உன் அம்மாவை வரச் சொல்கிறேன்.

நீ அத்தையை ஆம்புலன்ஸில் கொண்டு வா. அன்றைக்கு பஸ் ஏற்ற முடியாமல் போன குட்டியைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன். பாதி வழியில் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் மாற்றிக்கொள்ளலாம்.

அண்ணி


மே 21

அண்ணி,

அன்றைக்குப் பெட்ரோல் பங்க்கில் நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை, கவனித்தீர்களா? நீங்கள் குட்டியின் மாற்றுத் துணி எந்தப் பையில் இருக்கிறது என்று சொன்னீர்கள். நான் அம்மாவின் மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்று சொன்னேன். பேசினால் அழுதுவிடுவோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

குட்டி நன்றாக இருக்கிறாள். மின்சாரம் போனால் கீழே பல் டாக்டரிடம் போய் விசிறிக்கொண்டு உட்காருகிறாள். முதல் வாரம் சாயங்காலமானால் தானாகவே எல்லா ஜன்னலையும் சாத்திவிடுவாள். இப்போது ஒன்றைத் திறந்து வைக்க விடுகிறாள்.

இதை நீங்கள் வேறு யார் வாயாலும் கேட்க வேண்டாம். புதுப் பம்ப் பொருத்தி, சோதித்து, கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டாவது யூனிட்டை மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்டது என் அலுவலகம். பேசினது நான்தான். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அணைகள் இன்னும் காய்ந்துதான் கிடக்கின்றன. போன வாரம் இன்னொரு மருத்துவமனையிலும் ஜெனரேட்டர் கிளம்பவில்லை. இன்னும் எத்தனை பேரை நான் இருட்டில் வைப்பது?

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். பயம் போய்விட்டது என்று நினைத்து நான் கேட்கவில்லை. பயத்தோடுதான் கேட்டேன்.

சின்னவள்


ஜூன் 3

சின்னவளே,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அத்தைக்கு இங்கே பிடித்துவிட்டது. உதட்டில் நிறம் வந்திருக்கிறது. காலையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போடச் சொல்லி, வெல்டரின் மனைவியிடம் ஊர்க்கதை முழுக்கக் கேட்டுவிடுகிறார். "கரண்டு போகாத ஊர்ல இருந்துக்கிட்டு இத்தனை நாளா என்னைக் கூப்பிடலையேடி" என்று என்னிடம் சண்டை. ஜன்னலில் தெரிவது உலைதான் என்று அவருக்குத் தெரியும்.

விசாரணையை முடித்துவிட்டார்கள். உன் அண்ணன்மேல் தப்பில்லையாம். நேற்றுத்தான் நிலையத்திலிருந்து ஆள் வந்தார். யூனிட்டைக் கிளப்ப உன் அண்ணனே வர வேண்டும் என்று கேட்டார். அந்த யூனிட்டை அவர் அளவுக்கு அறிந்தவர் வேறு யாரும் இல்லையாம். யோசித்துச் சொல்கிறேன் என்று இவர் அனுப்பிவிட்டார்.

இன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டு முன்னறையில் நின்றார். பட்டன் போடவில்லை. "நீ வேணாம்னு சொல்லு. போகல. சத்தியமா போகல. வேற வேலை பாத்துக்கலாம்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளறையில் அத்தை புரண்டு படுத்து, நீளமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டார். அவருக்கு நாங்கள் பேசியது கேட்டிருக்காது. தூக்கத்தில்தான் இருந்தார்.

நான் அவர் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டேன். "போயிட்டு வாங்க" என்றேன்.

சாப்பாட்டுப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டார். பிறகு போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு, அதன்மேலேயே சாய்ந்து நின்றேன். பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனேன்.

உன் கடிதத்துக்கு இதுதான் என் பதில். அத்தை இங்கே எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும்.

குட்டியை மட்டும் இப்போதைக்கு அனுப்பாதே.

அண்ணி